வேதக்காரத் தலைவரும் கோயில் வாசலும்

ஏப்ரல் 26ஆம் திகதி வந்தால் யாழ்ப்பாணம் முற்றவெளியில் உள்ள தந்தை செல்வா நினைவுத் தூபிக்கு மாலை சூட்டி உரை நிகழ்த்துவது வழக்கம். சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் மண் ஒரு வேதக்காரரை, அதாவது ஒரு கிறிஸ்தவரை, தலைவராக ஏற்றது, ஏற்றதோடு நில்லாமல் தந்தை என்றும் அழைத்தது என்ற பெருமை நம் மேடைகளில் பல காலமாகப் பேசப்பட்டு வருகிறது. பேசத்தக்க பெருமைதான். ஆனால், சைவர் சைவருக்கே வாக்களிக்க வேண்டும் என்ற குரலும் அண்மைக் காலத்தில் இதே மண்ணில் எழுந்திருக்கிறது. அதற்கு மறுமொழியாகத் தந்தை செல்வா எனப்படும் செல்வநாயகத்தின் பெயரைச் சொல்பவர்கள், பெயரைச் சொன்னதும் வாதம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முடியவில்லை. ஒரு சமயத்தைச் சேர்ந்தவர் வேறு சமயத்தவரான மக்களுக்குத் தலைமை தாங்கும்போது, அந்த மக்களின் சமயத்தோடு அவருக்குள்ள கடமை என்ன? அதற்குள் கைவைக்காமல் ஒதுங்கி நிற்பதா? அதற்குள்ளே அநீதி நடக்கும்போதும் ஒதுங்கித்தான் நிற்பதா? அவரது முப்பது ஆண்டு அரசியல் வாழ்வு இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தருகிறது. முதல் விடை நாம் பெருமைப்படத்தக்கது. இரண்டாவது விடை நம்மைக் கூச வைக்க வேண்டியது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது அவருக்கும் நியாயமன்று, நமக்கும் நல்லதன்று.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். சிறுவயதிலேயே தெல்லிப்பழைக்கு வந்து வளர்ந்தார். யூனியன் கல்லூரி, பரியோவான் கல்லூரி, கொழும்பு சென் தோமஸ் கல்லூரி என்று படித்து, சிறிது காலம் ஆசிரியராக இருந்து, பின் அப்புக்காத்தாகி, சிவில் வழக்குகளில் பெயரெடுத்தார். அவர் வளர்ந்த தெல்லிப்பழையைத் தற்செயலான இடம் என்று கருதிவிடக் கூடாது. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் காலூன்றிய இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கிருந்தும் வட்டுக்கோட்டையிலிருந்தும் பரவிய பள்ளிக்கூடங்களும் அச்சகங்களும் யாழ்ப்பாணத்தின் முகத்தை மாற்றின. அதே மாற்றம் ஆறுமுக நாவலரையும் எழுப்பியது. பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த அந்த இளைஞர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அன்றிலிருந்து வேதக்காரரும் சைவரும் ஒருவரை ஒருவர் கண்டித்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார்கள், பள்ளிக்குப் போட்டிப் பள்ளி கட்டினார்கள். மதம் மாறினால்தான் வேலை என்ற ஏக்கமும், மதம் மாறியவன் சொந்தக்காரன் அல்லன் என்ற கோபமும் தலைமுறைகளாக ஊறிய மண் இது. ஆகவே யாழ்ப்பாணம் இயல்பாகவே சமய பேதம் பாராதது, அதனால்தான் செல்வநாயகத்தை ஏற்றது என்று சொல்வது வரலாற்றைப் பூசி மெழுகுவதாகும். அந்த ஏற்பு கேட்காமலே கிடைத்த ஒன்றல்ல, உழைத்துப் பெற்றது.

எப்படிப் பெற்றார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோது கட்சித் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தோடு முரண்பட்டார். 1949 டிசம்பர் 18ஆம் திகதி கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை உருவாக்கினார். உடன் நின்றவர்களில் கு. வன்னியசிங்கம் சைவர், மருத்துவர் ஈ. எம். வி. நாகநாதன் கத்தோலிக்கர். கட்சியின் அடித்தளமாகச் சமயத்தை வைக்கவில்லை. தமிழ் பேசும் மக்கள் என்ற கருத்தை வைத்தார்கள். வடக்கின் சைவரும் மன்னாரின் கத்தோலிக்கரும் கிழக்கின் முஸ்லிம்களும் மலையகத் தொழிலாளரும் அதற்குள் அடங்குவார்கள் என்பது கணக்கு. 1956இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் பெயரில் முஸ்லிம்கள் இருவர் வென்றார்கள். பின்னர் அவர்கள் கட்சி மாறிப் போனதும் உண்மை. கணக்கு பிசகியது, ஆனால் போட்ட கணக்கு நேர்மையானது. தன் சமயத்தை ஒளித்துக்கொண்டு தலைவராக வர நினைப்பவன் சமயத்தைப் பற்றிய பேச்சையே தவிர்ப்பான். செல்வநாயகம் அப்படித் தவிர்க்கவில்லை. எல்லாச் சமயத்தவரும் நிற்கக்கூடிய ஒரு தளத்தை வெளிப்படையாகவே தேடினார். தன் சமயத்தைப் பற்றி மட்டும் மேடையில் பேசாமல் விட்டார்.

அது உடனே பலிக்கவுமில்லை. 1952இல் அதே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். நடேசன் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபர், சைவப் பண்பாட்டின் முகம் என்று மதிக்கப்பட்டவர். அத்தகையவருக்கு எதிரே ஒரு வேதக்காரர் நின்றபோது என்ன பேசப்பட்டிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அந்தத் தோல்விக்குப் பின் அவருக்கு எளிய வழி ஒன்று இருந்தது. கொழும்பில் பலர் அந்த வழியில்தான் போனார்கள். அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலேய ஆளுநர் ஒருவரின் பெயரையே இடைப்பெயராகத் தாங்கிய எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, ஒக்ஸ்போட்டிலிருந்து திரும்பிய பின் பௌத்தத்தைத் தழுவினார். ஜே. ஆர். ஜயவர்தனாவும் கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து பௌத்தத்துக்கு வந்தவர். அவர்கள் உள்ளம் மாறித்தான் மதம் மாறினார்களா, வாக்குக்காக மாறினார்களா என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் இன்னொருவன் நுழைய முடியாது. ஆனால் அரசியலில் அந்த மாற்றம் என்ன செய்தது என்பதைப் பார்க்கலாம். மக்களின் சமயமே தலைவனின் தகுதி என்ற விதியை அது உறுதிப்படுத்தியது. அந்த விதி பிறகு பிக்குகளின் கையில் ஆயுதமானது. 1957 ஜூலை 26ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1958 ஏப்ரல் 9ஆம் திகதி றொஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன் கூடிய பிக்குகளின் வற்புறுத்தலால் பிரதமர் அதைக் கைவிட்டார். மறு ஆண்டு ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கே இரையானார். ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட இருவருமே புரட்டஸ்தாந்து வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒருவர் மக்களின் சமயத்துக்கு வந்தார், அந்தச் சமயத்தின் பெயரால் பேசியவர்கள் அவரை ஆட்டிவைத்தார்கள். மற்றவர் தன் சமயத்தில் இருந்தபடியே இருந்தார். சைவக் குருக்கள்மாரோ மடாதிபதிகளோ அவரை ஆட்டிவைத்ததாக எவரும் சொல்ல முடியாது.

1956இலிருந்து 1975 இடைத்தேர்தல் வரை காங்கேசன்துறை மக்கள் அவரைத் தோற்கடிக்கவேயில்லை. நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அவர் தேர்ந்த போராட்ட முறை ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். 1956 ஜூன் 5ஆம் திகதி சிங்களம் மட்டும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிபட்டார்கள், திருப்பி அடிக்கவில்லை. 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய மறியல் வடக்குக் கிழக்கு முழுவதும் பரவி, ஏப்ரல் நடுப்பகுதியில் அவசரகாலச் சட்டத்தாலும் படையாலும் ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டார்கள். மெலிந்த உடம்பு, கூட்டத்தின் பின்வரிசைக்கு எட்டாத குரல், பின்னாளில் பார்கின்சன் நோயால் நடுங்கிய கைகள். சொல்வன்மையால் அவர் மக்களைக் கட்டிப்போடவில்லை. அடியை வாங்கிக்கொள்ளும் துணிவைக் காட்டினார். அந்த முறையில் ஒரு கிறிஸ்தவருக்கும் ஒரு சைவருக்கும் பொதுவான நிலம் இருந்தது. காந்தி தன் அறப்போரைக் கீதையிலிருந்து எடுத்தது போலவே மலைப்பிரசங்கத்திலிருந்தும் டால்ஸ்டாயிடமிருந்தும் எடுத்தார். 1927இல் அவர் யாழ்ப்பாணம் வந்தபோது வரவேற்ற இளைஞர்களை ஒன்று திரட்டிய ஹன்டி பேரின்பநாயகமும் கிறிஸ்தவர்தான். ஆகவே சத்தியாக்கிரகத்தில் அமர்ந்த செல்வநாயகம் சைவராக வேடம் போட வேண்டியிருக்கவில்லை, கிறிஸ்தவராகப் பிரசங்கம் செய்ய வேண்டியும் இருக்கவில்லை. அவரது விசுவாசம் செயலாக மாறி நின்றது, அந்தச் செயலை அருகே இருந்த சைவர் தன்னுடையதாகவும் உணர்ந்தார். 1977 ஏப்ரல் 26ஆம் திகதி அவர் மறைந்தபோது முற்றவெளியில் அந்த உடலுக்கு மூட்டப்பட்ட தீயைச் சுற்றி நின்ற கூட்டத்துக்கு அது அந்நியமான சாவாக இருக்கவில்லை. கிறிஸ்தவராகவே இறந்தார், ஊர் வழக்கப்படி எரிக்கப்பட்டார். ஒருவரின் நம்பிக்கையை மற்றவர் தொடாமலே ஒரு மக்களாக நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இலங்கையின் நவீன வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது முதல் விடை. இரண்டாவது விடைக்கு 1968ஆம் ஆண்டுக்கு வர வேண்டும்.

அந்த ஆண்டில் தமிழரசுக் கட்சி பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தில் பங்காளியாக இருந்தது. 1965 மார்ச் 24ஆம் திகதி செய்த ஒப்பந்தப்படி மாவட்ட சபைகள் வரும் என்று காத்திருந்தது. கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தார். மாவட்ட சபை மசோதா 1968இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டில், திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலைச் சுற்றிய பகுதியைப் புனித நகராக அறிவிப்பது பற்றி ஆராயத் திருச்செல்வம் ஒரு குழுவை நியமித்தார். ஒரு பிக்குவின் எதிர்ப்பைக் கண்டு பிரதமர் அந்தக் குழுவின் பணியை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார், கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. விலகலுக்கு மூல காரணம் மாவட்ட சபைகள்தான், கோணேசர் விவகாரம் கடைசி அடி என்று சொல்வதே சரி. ஆனாலும் ஒன்று தெளிவு. கிறிஸ்தவர் தலைமை தாங்கிய கட்சி ஒரு சிவன் கோயிலின் உரிமைக்காக அமைச்சுப் பதவியைத் துறந்தது. வேதக்காரனுக்குக் கோணேசரோடு என்ன வேலை என்று அப்போது யாழ்ப்பாணத்தில் யாரும் கேட்கவில்லை.

அதே 1968இல், தெல்லிப்பழைக்குப் பக்கத்தில், செல்வநாயகத்தின் சொந்தத் தேர்தல் தொகுதிக்குள், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் இன்னொரு விவகாரம் நடந்தது. கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி நோய் நீங்கிய ஓர் இளவரசி எடுப்பித்த கோயில் என்று அதற்கு ஐதீகம். ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தீர்த்தமாடும் திருவிழா நாட்களில் குடாநாடெங்கும் இருந்து சனம் திரளும். அந்தத் திருவிழாவுக்கு அர்ச்சனைப் பொருட்களோடு வந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் வாசலில் தடுக்கப்பட்டார்கள். தடுத்து நின்றவர்களின் தலைவர் சி. சுந்தரலிங்கம்: கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழருக்குத் தனிநாடு கேட்டு முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒருவர். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தட்டில் தேங்காயும் வெற்றிலையும் கற்பூரமுமாய் வந்தவர்கள் பூட்டிய வாசலுக்கு முன் நிலத்தில் இருந்தார்கள். உள்ளே மணியோசை கேட்கிறது, நாதஸ்வரம் கேட்கிறது, சுவாமி மட்டும் தெரியவில்லை. அவர்கள் கேட்டது புதிய உரிமையன்று. சாதியைக் காட்டி வழிபாட்டிடத்தில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. சுந்தரலிங்கத்தின் மேல் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கும் தொடரப்பட்டது. போராடியவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் இடதுசாரிகளும் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும். காலிமுகத்திடலிலும் கச்சேரி வாசலிலும் அமர்ந்த தமிழரசுக் கட்சி, மாவிட்டபுர வாசலில் சத்தியாக்கிரகம் நடத்தவில்லை. கட்சியின் கொள்கை தீண்டாமைக்கு எதிரானது என்பதில் ஐயமில்லை, தலைவரும் அதற்கு எதிரானவர்தான். கொள்கை இருந்தது, அது கோயில் வாசலுக்கு வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குச் சொல்லப்படும் விடைகளில் வலுவானது சமயம் சார்ந்தது. கிறிஸ்தவரான ஒருவர் சைவக் கோயிலின் ஆசாரத்தில் தலையிட்டால் அது சமயச் சண்டையாக மாறும், நாவலர் காலத்துப் புண்கள் மறுபடி கிளறப்படும் என்பது அந்த விடை. இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் காந்தியே இதைச் சொல்லியிருக்கிறார். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் மதுரையில் வக்கீலாக இருந்த ஜோர்ஜ் ஜோசப் என்ற சிரியன் கிறிஸ்தவர். தீண்டாமை இந்துக்களின் பாவம், அதற்குரிய தவத்தையும் இந்துக்களே செய்ய வேண்டும், நீங்கள் இதை அவர்களிடம் விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் காந்தி அவருக்கு எழுதினார். ஒருவர் செய்த பாவத்துக்கு இன்னொருவர் கழுவாய் தேட முடியாது என்பது ஆழமான சமயக் கருத்து. புறச் சமயத்தவன் வந்து திருத்தினால் திருத்தப்பட்டவன் மனம் மாறுவதில்லை, வைராக்கியம்தான் கொள்வான் என்பதும் அனுபவத்தில் கண்டது. செல்வநாயகத்தை ஈழத்துக் காந்தி என்று அழைப்பவர்கள், அவர் ஒதுங்கி நின்றது காந்திய வழிதான் என்று சொன்னால் அதில் நியாயத்தின் சாயல் இருக்கிறது.

ஆனால் சாயல்தான் இருக்கிறது. காந்தியின் வாதம் ஒன்றைப் பிடித்து நிற்கிறது: ஜோர்ஜ் ஜோசப் அந்தப் பாவத்தில் பங்கில்லாதவர் என்பதை. யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்ல முடியுமா? இங்கே சைவன் மதம் மாறியபோது சாதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. வெள்ளாளன் வெள்ளாளக் கிறிஸ்தவன் ஆனான், சம்பந்தம் அந்தச் சாதிக்குள்ளேயே செய்தான், காணியும் குடிமை முறையும் அவனோடு போயின. மிஷன் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கவும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடவும் எத்தனை எதிர்ப்பைக் கடக்க வேண்டியிருந்தது என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை நீண்ட கதை. அந்தச் சம ஆசனத்துக்காகப் பேசியவர்களில் ஹன்டி பேரின்பநாயகத்தின் இளைஞர் காங்கிரஸும் இருந்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். செல்வநாயகமும் வெள்ளாளக் குடும்பத்தில் வந்தவர். கோயிலுக்கு அவர் வெளியாள், அந்தக் கோயில் வாசலைப் பூட்டிய சாதி ஒழுங்குக்கு வெளியாள் அல்லர். இங்கேதான் நம் பெருமையையும் சற்று உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சைவ யாழ்ப்பாணம் ஒரு வேதக்காரரைத் தந்தை என்று ஏற்றபோது, சாதி என்ற பழைய உறவு அடியில் இருந்து அந்த ஏற்பைத் தாங்கியது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு கிறிஸ்தவரை, அவர் எத்தனை பெரிய அப்புக்காத்தாய் இருந்தாலும், 1956இன் யாழ்ப்பாணம் அப்படி ஏற்றிருக்குமா? ஏற்றிருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியானால் சமய வேற்றுமையைப் பொறுத்துக்கொண்ட அந்தப் பொறுமையே சாதி ஒற்றுமையின் மேல் கட்டியெழுப்பப்பட்டது. அதன் பலனை அனுபவித்தவருக்கு, அதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் நிற்க வேண்டிய கடன் மற்ற எவரையும்விட அதிகமாக இருந்தது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஜோர்ஜ் ஜோசப் வைக்கத்தின் பிரதிநிதி அல்லர். செல்வநாயகம் மாவிட்டபுரத்தின் பாராளுமன்ற உறுப்பினர். வாசலில் இருத்தி வைக்கப்பட்டவர்கள் அவரது வாக்காளர்கள், மீறப்பட்டது அவர் அமர்ந்திருந்த சபை இயற்றிய சட்டம். எந்தத் தெய்வத்தை எந்த முறையில் வழிபடுவது என்று அவர் சைவருக்குச் சொல்லியிருந்தால் அது அத்துமீறல். உள்ளே நடக்கும் பூசையை மாற்றச் சொல்லி அங்கே யாரும் கேட்கவில்லை. அதே பூசையைக் காண, அதே சைவர்கள், உள்ளே விடச் சொன்னார்கள். விசுவாசம் பற்றிய விவகாரமும் நீதி பற்றிய விவகாரமும் ஒரே கோயிலுக்குள் இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் பிற சமயத்தவன் வாய் மூடுவது மரியாதை. இரண்டாவதில் வாய் மூடினால், அந்த மௌனம் பூட்டியவனின் பக்கம் போய்ச் சேர்கிறது. கோணேசர் கோயிலை நினைத்துப் பாருங்கள். சமயம் வேறு என்ற காரணம் அங்கே கட்சியைத் தடுக்கவில்லை, ஏனென்றால் எதிரே நின்றவர் வெளியாள். மாவிட்டபுரத்தில் எதிரே நின்றவர்கள் நம்மவர்கள். ஆகவே தடையாக இருந்தது கிறிஸ்தவம் என்று நம்புவது கடினம்.

ஒற்றுமை குலைந்திருக்குமே என்பார்கள். தமிழர் பிளவுபட்டால் கொழும்புக்குத்தானே இலாபம், மொழியுரிமைப் போராட்டம் உச்சத்தில் நிற்கும்போது சாதியைக் கிளறலாமா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எப்போதும் வாசலுக்கு உள்ளே நிற்பவர்களாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். வெளியே நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் தமிழரசுக் கட்சியை மேல்சாதிக் கட்சி என்று முடிவு செய்து இடதுசாரிகளோடு போனார்கள், சிலர் பௌத்தத்தைத் தழுவினார்கள். மௌனத்தால் காக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒற்றுமை அந்த மௌனத்தாலேயே கிழிந்தது. வாக்குகள் போயிருக்கும் என்ற அச்சத்துக்கும் வரலாறு விடை சொல்லிவிட்டது. 1970 தேர்தலில் அதே சுந்தரலிங்கம் காங்கேசன்துறையில் செல்வநாயகத்துக்கு எதிராக நின்றார், தோற்றார். பூட்டிய கோயில் வாசலை அடையாளமாகக் கொண்டு வந்தவரைத் தொகுதி நிராகரித்தது. மக்கள் தலைவரைவிட முன்னே போகத் தயாராக இருந்தார்கள் என்று அந்த முடிவைப் படிக்க முழு உரிமை இருக்கிறது.

அயர்லாந்தின் பார்னலை இங்கே ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அவரது நிலை செல்வநாயகத்தினுடையதோடு மிக நெருங்கியது. கத்தோலிக்க மக்களுக்குத் தலைமை தாங்கிய புரட்டஸ்தாந்து அவர், அதோடு ஒரு நிலவுடைமையாளர். 1879இல் குத்தகை விவசாயிகளின் நில இயக்கத்துக்குத் தலைவரானபோது தன் சொந்த வர்க்கத்துக்கு எதிராகவே நின்றார், 1881இல் சிறைக்கும் போனார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்பதற்கு முன் அயர்லாந்துக்குள்ளே யார் யாரை நசுக்குகிறார்கள் என்ற கேள்வியை அவர் ஒத்திப்போடவில்லை. இறுதியில் ஒரு மணமுறிவு வழக்கைக் காட்டி ஆயர்களும் சேர்ந்து அவரை வீழ்த்தினார்கள், அவர் கட்சியும் உடைந்தது என்பது மெய். மாற்றுச் சமயத் தலைவனின் நிலை எத்தனை பலவீனமானது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அவர் விழுந்தது விவசாயிகளின் பக்கம் நின்றதற்காக அல்ல. அந்த நிலைப்பாடுதான் மாற்றுச் சமயத்தவரான அவரை மக்கள் நெஞ்சில் ஊன்றி வைத்திருந்தது.

செல்வநாயகத்தின் கடைசி ஆண்டுகள் இந்த விடயத்தில் அவர் அசையாமல் இருந்துவிட்டார் என்று சொல்ல விடுவதில்லை. 1972 மே 22ஆம் திகதி வந்த குடியரசு யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில் அவர் தன் ஆசனத்தைத் துறந்து, தமிழ் மக்கள் அந்த யாப்பை ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் காட்டுமாறு சவால் விட்டார். அரசாங்கம் 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வரை தேர்தலை இழுத்தடித்தது, அவர் பெரும் வித்தியாசத்தில் வென்றார். அரசு ஒரு சமயத்தின் பக்கம் சாயக் கூடாது என்பதற்காக நின்ற அவர் தலைமையில், 1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணி நிறைவேற்றிய தீர்மானம், தாம் கோரும் தமிழீழம் மதச்சார்பற்ற அரசாக இருக்கும் என்றும், எல்லாச் சமயங்களுக்கும் சமமான பாதுகாப்பு அளிக்கும் என்றும் சொன்னது. அதே தீர்மானம் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை சட்டத்தால் தண்டிக்கப்படும் என்றும் சொன்னது. இரண்டு வாசகங்களும் ஒரே தாளில் இருப்பதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. கோயிலை அரசிடமிருந்து காப்பதும் கோயில் வாசலை எல்லாருக்கும் திறப்பதும் பிரிக்க முடியாதவை என்று அதை எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் மாவிட்டபுரத்தில் நின்று சொல்லியிருந்தால், அந்தச் சொல்லுக்கு முன்னாலேயே ஒரு வாசல் இருந்திருக்கும், அது திறந்ததா என்று உடனே பார்த்திருக்கலாம். 1976இல் அது வரப்போகும் ஒரு நாட்டைப் பற்றிய வாக்குறுதியாக மட்டுமே இருந்தது.

அந்தத் தீர்மானத்தின் முதல் பாதியை நாம் இன்றும் உரத்துச் சொல்கிறோம். குருந்தூர் மலையிலும் தையிட்டியிலும் விகாரைகள் எழும்போது, சமயத்தின் பெயரால் அரசு நிலம் பிடிக்கிறது என்று சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்தே குரல் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். தையிட்டி மாவிட்டபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் 2018 ஜூன் மாதம் தென்மராட்சி வரணியில் ஓர் அம்மன் கோயில் தேரை மனிதர்கள் வடம் பிடித்து இழுக்கவில்லை, மண் அள்ளும் இயந்திரம் இழுத்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடத்தைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, படங்கள் உலகெங்கும் பரவின. அப்போது நம் கட்சித் தலைவர்களில் எத்தனை பேர், சைவராயினும் கிறிஸ்தவராயினும், அந்த வடத்தைப் பிடிக்க வரணிக்குப் போனார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். சைவருக்குச் சைவரே என்று முழங்குபவர்களிடமும் இதே கேள்வியை வைக்கலாம், ஏனென்றால் வடத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்களும் சைவர்கள்தான்.